வாடகை வீட்டுச் சமையலறைக் கப்போர்டுக்கு ஸ்டிக்கர் ஷீட் ஒட்டினால் நிற்குமா?

கேள்வி இதுதான்: வாடகை வீடு, 12 வருடப் பழைய ப்ளைவுட் கப்போர்டுகள், மேலே ஒட்டிய சன்மைக்கா மங்கிப்போய்விட்டது. ஆசாரியை வைத்துப் புதுச் சன்மைக்கா ஒட்டப் பணமும் இல்லை, வீட்டுக்காரரின் அனுமதியும் இல்லை. கையில் 3,000 ரூபாய். பின்பக்கம் பசை உள்ள காண்டாக்ட் பேப்பரை வாங்கி நாமே ஒட்டினால் நிற்குமா, எத்தனை நாள் தாங்கும்?

நிற்கும். சுத்தமான சன்மைக்கா மேல் சரியாக ஒட்டிய சாதாரண ஷீட் நம் சமையலறைகளில் இரண்டு மூன்று வருடம் தாங்கும், தடிமனான ஷீட் அதைவிடக் கூடுதலாக. ஆனால் ஒரே மாதத்தில் ஓரம் தூக்கிக்கொண்டு, அதற்குள் கரப்பான் குடியேறிய கப்போர்டுகளும் நிறைய உண்டு. பெரும்பாலான வீடுகளில் குற்றம் ஷீட்டுடையது அல்ல. பசை எதன்மேல் படுகிறதோ அதைத்தான் பிடிக்கும். பத்து வருடத் தாளிப்புப் புகை படிந்த பிசுக்கின் மேல் ஒட்டினால் அது பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். பிசுக்கு சன்மைக்காவை விட்டுக் கழலும்போது ஷீட்டும் சேர்ந்தே வரும். மொத்த வேலையில் பாதிக்கு மேல் கழுவும் வேலைதான் என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள்.

பேப்பர் என்று பெயர் இருந்தாலும் இது காகிதம் அல்ல, மெல்லிய பி.வி.சி. தகடு. பின்பக்கம் அழுத்தினால் பிடிக்கும் பசை, அதை மூடிய கட்டம் போட்ட தாள். இந்தப் பி.வி.சி.யின் குணம் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம். இழுத்தால் நீளும், சூடு பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். இழுத்துப் பிடித்து ஒட்டிய ஷீட், அடுப்புச் சூட்டிலும் சித்திரை வெயிலிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்வாங்கி, ஓரத்தில் பழைய நிறம் கோடாகத் தெரியும்.

முதலில், எங்கே ஒட்டக்கூடாது என்பதை முடிவு செய்துவிடுங்கள். அடுப்புக்குப் பின்சுவரிலும், பர்னருக்கு ஓரடி தூரத்துக்குள் உள்ள எந்தப் பக்கத்திலும் பி.வி.சி. ஷீட் வேண்டாம். அது சூட்டில் இளகும், தீப்பட்டால் எரிந்து நச்சுப்புகை விடும். அந்த இடத்துக்கு டைல்ஸோ ஸ்டீல் தகடோதான் சரி. கிரானைட் மேடையின் மேல் மார்பிள் டிசைன் ஒட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: இறக்கிவைக்கும் சூடான குக்கர், கத்தி, எந்நேரமும் ஈரம், இந்த மூன்றையும் அது தாங்காது. கேஸ் சிலிண்டர் வைக்கும் அறையின் கதவில் காற்றுத் துளையோ ஜாலியோ இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது; கசிந்தால் கீழேதான் தேங்கும், அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். அழகுக்காக அதன்மேல் ஷீட் ஒட்டிவிடுவது உயிரோடு விளையாடுவது.

ஈரத்தில் ஊதிப்போன பலகை, கரையான் அரித்த பலகை, இவற்றின் மேலும் ஒட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போய், பலகை இன்னும் வேகமாகக் கெடும். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவின் அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் முதலில் குழாய்க் கசிவைச் சரிசெய்ய வேண்டும். பெயிண்ட் அடித்த மரக்கதவு என்றால், ஒரு துண்டு செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் உரிந்து வந்தால் ஷீட்டோடும் அது வரும். வாடகை வீட்டில் காலி செய்யும்போது பிரச்சினை ஆகும். புதிதாக எனாமல் பெயிண்ட் அடித்திருந்தால் மூன்று நான்கு வாரம் பொறுங்கள். இல்லாவிட்டால் பெயிண்டிலிருந்து வெளிவரும் ஆவி ஷீட்டுக்குக் கீழே கொப்புளம் கட்டும்.

அடுத்து, எவ்வளவு வாங்குவது. ரோல்கள் பெரும்பாலும் 45 செ.மீ., 60 செ.மீ., 122 செ.மீ. அகலங்களில் கிடைக்கின்றன. 45 செ.மீ. ரோல் மலிவாகத் தோன்றும், ஆனால் கதவுகளின் அகலமே 45 செ.மீ. சுற்றித்தான் இருக்கும், ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் மடிக்க இடமிருக்காது. கதவின் தடிமன் 18 மி.மீ., அதைத் தாண்டிப் பின்பக்கம் 12 மி.மீ. ஆக ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. கூடுதலாக வேண்டும். 45க்கு 70 செ.மீ. கதவுக்கு 51க்கு 76 செ.மீ. துண்டு. எனவே 60 செ.மீ. ரோல்தான் பொருந்தும்.

ஒரு நடுத்தர சமையலறைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே 45க்கு 70 அளவில் 5 கதவுகள், மேலே 40க்கு 60 அளவில் 6 கதவுகள், 45க்கு 20 அளவில் 3 டிராயர்கள். ரோலின் நீளவாக்கில் கீழ்க்கதவுகளுக்கு 5 பெருக்கல் 76, அதாவது 3.80 மீட்டர். மேல்கதவுகளுக்கு 6 பெருக்கல் 66, அதாவது 3.96 மீட்டர். டிராயர்களுக்கு 3 பெருக்கல் 26, அதாவது 0.78 மீட்டர். மொத்தம் 8.54 மீட்டர். கெட்டுப்போகும் துண்டுகளுக்கும் சேர்த்து 10 மீட்டர் ரோல் ஒன்று. இப்படி வெட்டினால் மரக்கோடு எல்லாக் கதவிலும் டிராயரிலும் மேலிருந்து கீழாக ஒரே வாக்கில் வரும். துணியை மிச்சம் பிடிப்பதுபோல் ஒரு துண்டை மட்டும் திருப்பி வெட்டினால், ஒட்டி முடித்த பிறகு அந்த ஒரு கதவுதான் கண்ணில் படும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த மாதம் வாங்கும் ரோலில் நிறம் அரைக்கால் மாறியிருக்கலாம்.

ஷீட்டின் தடிமன்தான் விலையைத் தீர்மானிக்கிறது. 80 மைக்ரான் ஷீட் சொன்னபடி கேட்காது: கசங்கும், அடியில் இருக்கும் ஒவ்வொரு மணலும் மேலே தெரியும். 150 மைக்ரானுக்கு மேல் இருந்தால் கையாள எளிது. ரோலில் மைக்ரான் அச்சிடாவிட்டால், ஒரு மூலையைக் கையில் மடித்துப் பாருங்கள். மடித்த கோடு அப்படியே நின்றுவிட்டால் வேண்டாம். மீட்டருக்கு 80 முதல் 150 ரூபாய் என்று வைத்தால் ஷீட்டுக்கு 800 முதல் 1,500 ரூபாய் ஆகும். விலை கடைக்குக் கடை மாறும். மீதியில் சலவைச் சோடா, ஐசோபிரோபைல் ஆல்கஹால், எம்-சீல், 220 நம்பர் உப்புத்தாள், கட்டர், கூடுதல் பிளேடுகள், ஒரு ஸ்க்வீஜி (ஷீட்டைத் தள்ளித் தேய்த்து ஒட்டும் தட்டைப் பட்டை) எல்லாம் அடங்கும். கைப்பிடி மாற்றவும் பணம் மிஞ்சலாம்.

நிறத்தைப் பற்றி என் கருத்து: மேட் பூச்சு, மெல்லிய மரக்கோடு அல்லது வெளிர் சாம்பல். பளபளப்பான ஷீட் அடியில் இருக்கும் சின்ன மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். வெள்ளை ஷீட்டை அடர் பழுப்புச் சன்மைக்கா மேல் ஒட்டினால் அடிநிறம் தெரியலாம், பழைய பூ டிசைனும் நிழல்போல் எழலாம்; ஒரு துண்டை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெள்ளையில் மஞ்சள் கறையும் ஒரு தொல்லை. பெரிய மார்பிள் டிசைனில் ஒரே கறுப்பு நரம்பு கதவுக்குக் கதவு திரும்பத் திரும்ப வந்து ஸ்டிக்கர் என்பதைச் சொல்லிவிடும்.

இனிக் கழுவும் வேலை. கதவுகளைக் கழற்றி வைத்துச் செய்வதுதான் முறை. மாட்டியபடியே ஒட்டலாம் என்று சொல்பவர்கள் ஓரத்தை மடிக்காமல் விட்டவர்கள். கழற்றும் முன் ஒவ்வொரு கதவின் பின்னாலும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதுங்கள், அதே எண்ணைக் கப்போர்டின் உள்ளேயும். ஒரே அளவாகத் தோன்றும் கதவுகள் பழைய வீடுகளில் ஒன்றுபோல் இருக்காது. ஸ்க்ரூக்களைக் கதவுவாரியாகக் கிண்ணத்தில் போடுங்கள். கைப்பிடிகளையும் கழற்றிவிடுங்கள்.

ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பழைய எண்ணெய்ப் பிசுக்கு காற்றோடு சேர்ந்து பிசின்போல் இறுகியிருக்கும். சோப்பு மட்டும் அதை மேலோட்டமாகத்தான் எடுக்கும், காரமான சோடாதான் உடைக்கும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, நனைத்த துணியைக் கதவின் மேல் ஐந்து நிமிடம் விரித்து வைத்து, பிறகு பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேயுங்கள். அலுமினியக் கைப்பிடி, அலுமினியப் பட்டை இருந்தால் அதில் சோடா படவேண்டாம், கறுத்துவிடும். அங்கே பாத்திரம் கழுவும் திரவம் போதும். மேல்கதவுகளின் மேல்விளிம்பும், கைப்பிடியைச் சுற்றிய இடமும்தான் அதிகப் பிசுக்கு; அவற்றுக்கு இரண்டு தடவை. அதன்பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்துச் சோடாவை முழுக்க எடுத்துவிட வேண்டும், அது மிச்சமிருந்தாலும் பசை பிடிக்காது. வெயில் நேரடியாகப் படாத இடத்தில் நன்றாகக் காயவிட்டு, ஒட்டுவதற்குச் சற்றுமுன் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சள் ஏறினால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

மண்ணெண்ணெயால் துடைத்தால் சீக்கிரம் போகும் என்பார்கள். போகும், ஆனால் தன் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். கை கழுவும் சானிட்டைசரும் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும். பளபளப்புக்காகத் தெளிக்கும் ஃபர்னிச்சர் பாலிஷ் முன்பு போட்டிருந்தால் அதில் சிலிகான் இருக்க வாய்ப்புண்டு. அந்தக் கதவுகளை 220 உப்புத்தாளால் லேசாக உரசிவிட்டுத் துடைப்பதே நம்பகமானது. சொரசொரப்பான சன்மைக்காவுக்கும் அதே வைத்தியம்: மேட்டு முனைகளில் மட்டும் பசை தொட்டுக்கொண்டு நின்றால் பிடிப்பு பாதிதான்.

ஆணித்துளை, பெயர்ந்த மூலை எல்லாவற்றையும் எம்-சீல் வைத்து அடைத்து, இறுகியதும் மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். சுவருக்குப் போடும் வெள்ளைப் புட்டி மரத்தில் நிற்காது, பொடிந்துவிடும். சன்மைக்கா விளிம்பு தூக்கியிருந்தால் அதற்கடியில் பசை வைத்து, கிளாம்ப் போட்டு ஒரு இரவு விட வேண்டும். ஷீட் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். எட்ஜ் பட்டை போய்ப் பலகை வெளியே தெரிகிற ஓரங்கள் பசையை உறிஞ்சிவிடும். அங்கே வுட் பிரைமரோ வார்னிஷோ ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். கீல் ஸ்க்ரூ சுற்றிச் சுற்றி ஓடுகிறதா? துளைக்குள் ஃபெவிகால் தடவிய தீக்குச்சிகளைத் திணித்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டால் ஸ்க்ரூ பிடிக்கும். கதவுகள் கழற்றி வைத்திருக்கும் இந்த நேரத்தைவிட்டால் அதற்கு வேறு நேரம் வராது.

ஒட்டும் நாளில் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனை நிறுத்துங்கள். தாளை உரிக்கும்போது ஷீட்டில் மின்னேற்றம் உண்டாகி, பறக்கும் தூசி முழுவதையும் பசைப்பக்கம் இழுக்கும். வியர்த்துக் கொட்டினாலும் ஒரு கதவு முடியும்வரை ஃபேன் வேண்டாம். மழை நாளும் வேண்டாம். முதல் கதவாக மூலையில் யாரும் பார்க்காத ஒன்றை எடுங்கள். கை பழகுவது அதில்தான்.

கதவை மேசையில் மல்லாக்க வைத்து, ஷீட்டைத் தாளோடு மேலே பரப்பி நாலு பக்கமும் 3 செ.மீ. சரியாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். பிறகு மேல்விளிம்பில் மட்டும் தாளை 5 செ.மீ. உரித்துப் பின்னால் மடித்து, அந்தப் பட்டையை நேராக ஒட்டுங்கள். இந்த முதல் பட்டை கோணினால் கீழே போகப்போக ஒரு விரல் அளவுக்குக் கோணும், அதனால் இங்கே அவசரம் வேண்டாம். ஒரு கையால் அடியிலிருந்து தாளை மெதுவாக இழுத்துக்கொண்டே, மறுகையால் ஸ்க்வீஜியை நடுவிலிருந்து இரு பக்கமும் தள்ளுங்கள். ஸ்க்வீஜியில் பழைய பனியன் துணி சுற்றினால் கீறல் விழாது. முழுத் தாளையும் ஒரே தடவையில் உரித்துவிட்டு ஷீட்டைக் கதவின் மேல் போடுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ஷீட் தன்மேலேயே ஒட்டிக்கொண்டு அந்தத் துண்டு போய்விடும். சுருக்கம் விழுந்தால் தேய்த்து அடக்கப் பார்க்காமல் அந்த இடம்வரை உரித்துத் திரும்ப ஒட்டுங்கள். அரிசி அளவுக் குமிழிகளை ஊசியால் ஓரமாகக் குத்தி விரலால் அழுத்தினால் அடங்கும்.

அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு சொட்டுச் சோப்பு கலந்து தெளித்து ஒட்டும் ஈரமுறையும் உண்டு. ஷீட் வழுக்கும், நகர்த்திச் சரிசெய்யலாம். பளபளப்பான சன்மைக்கா, பெரிய லாஃப்ட் கதவு என்றால் உதவும். பலகை திறந்திருக்கும் இடத்தில் கூடாது. விளிம்பு மடிப்புகளை எப்போதுமே உலர்ந்த நிலையில்தான் ஒட்ட வேண்டும், ஈரம் உள்ளே சிக்கினால் அந்த ஓரம்தான் முதலில் திறக்கும்.

இனி ஓரமும் மூலையும். ஷீட் எத்தனை நாள் நிற்கும் என்பது இங்கேதான் முடிவாகிறது. பள்ளிப் புத்தகத்துக்கு பிரவுன் அட்டை போட்டவர்களுக்கு இது புதிதல்ல. கதவைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு மூலையிலும் ஷீட்டைச் சாய்வாக, மூலையிலிருந்து 18 மி.மீ. தடிமனுக்கும் மேல் இரண்டு மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் மூலையில் பலகை எட்டிப்பார்க்கும், வெட்டாமல் மடித்தால் மூலை தடித்துப் பக்கத்துக் கதவில் உரசும். மேல் கீழ் ஓரங்களை முதலில் மடித்து, பக்கவாட்டு ஓரங்களை அவற்றின்மேல் வருமாறு மடியுங்கள். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து மூலையைச் சில நொடி சூடாக்கினால் ஷீட் இளகி வளையும்; இழுக்க வேண்டாம், அழுத்தினால் போதும். ஒட்டியபின் இன்னொரு தடவை சூடுகாட்டி, துணியால் ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள்.

பின்பக்கம் கீல் உட்காரும் வட்டக்குழி 35 மி.மீ. விட்டம், அது விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்திலேயே தொடங்கிவிடும். மடித்த ஷீட் அதை மூடும். கட்டரால் குழியின் விளிம்பைச் சுற்றி வெட்டி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் கீல் மட்டமாக உட்காராமல் கதவு சாயும். கைப்பிடித் துளைகளைப் பின்னாலிருந்து மெல்லிய ஆணியால் குத்திக் கண்டுபிடியுங்கள், முன்னாலிருந்து தேடிக் குத்தினால் துளை பக்கத்தில் விழும். புதுக் கைப்பிடி வாங்குவதானால் பழைய ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொண்டு போங்கள். பெரும்பாலும் 96 அல்லது 128 மி.மீ. இருக்கும்.

பிளேடைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கதவுக்கு ஒருமுறை கட்டர் முனையை உடைத்துப் புதுமுனை எடுங்கள். மழுங்கிய பிளேடு வெட்டாது, ஷீட்டை இழுத்துக் கிழிக்கும்.

60 செ.மீ.க்கு அகலமான லாஃப்ட் கதவுகளிலும் பக்கப் பலகைகளிலும் இணைப்பு வரும். இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்தால் ஒரே கோடையில் இடைவெளி விழும். 5 மி.மீ. மேல்மேலாக ஏற்றி ஒட்டுங்கள். குறுக்கு இணைப்பு என்றால் ஓடு வேய்வதுபோல் மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் வரவேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் உள்ளே போகாது. கிரானைட்டைத் தொடும் ஓரத்திலும் தரையை ஒட்டிய பலகையிலும் இரண்டு மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். நடுவில் பள்ளம் வெட்டிய டிசைன் கதவுகளில் ஷீட்டைச் சூடாக்கிப் பள்ளத்துக்குள் இறக்குவது வீடியோவில் அழகாக இருக்கும், நான்கைந்து மாதத்தில் கூடாரம்போல் எழும்பி நிற்கும். பள்ளத்தின் விளிம்போடு ஷீட்டை வெட்டி நிறுத்திவிட்டு, பள்ளத்தை அப்படியே விட்டுவிடலாம்.

அலமாரிகளின் உட்பக்கத்துக்குப் பசை ஷீட் தேவையில்லை. பருப்பு டப்பா இழுபடும் இடத்தில் பசையில்லாத விரிப்புதான் நல்லது, எடுத்துக் கழுவலாம்.

அன்று மாலையே கதவுகளை மாட்டிவிடலாம். ஆனால் பசை முழுப்பிடிப்புக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை உலர்ந்த துணி மட்டும். சிங்க்குக்குக் கீழ்க்கதவின் அடிவிளிம்பில், மூன்றாம் நாள், பின்பக்க மடிப்பின் ஓரமாக நிறமில்லாத சிலிகானை மெல்லிய கோடாகத் தடவினால் தண்ணீர் ஏறாது. ஷீட் ஒட்டுவதற்கு முன் சிலிகான் பக்கமே போகாதீர்கள், அது பட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது.

பிறகு, அடுப்புக்குப் பக்கத்துக் கதவுகளை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். கம்பி நார், தின்னர் இரண்டும் கூடாது. மஞ்சள் பட்டால் உடனே துடையுங்கள். லேசான கறை தங்கிவிட்டால் ஜன்னல் வெளிச்சம் படும் கதவில் அது நாளடைவில் தானே மங்கும், மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் சிதையக்கூடியது. குக்கரின் விசில் ஆவி நேராக மேல்கதவின் அடிவிளிம்பில் அடிக்கிறதென்றால் எந்த ஷீட்டும் அங்கே அதிக நாள் தாங்காது. குக்கரை வெளிப்பக்கப் பர்னருக்கு மாற்றிப் பாருங்கள். ஓரம் ஒரு நகம் அளவு தூக்கியிருப்பதைப் பார்த்த அன்றே, ஆல்கஹாலால் துடைத்து, சூடுகாட்டி அழுத்திவிட வேண்டும். ஒரு வாரம் விட்டால் பசையில் தூசி ஏறிவிடும், அதன்பிறகு பிடிக்காது.

வீட்டைக் காலி செய்யும்போது ஒரு மூலையைச் சூடாக்கித் தூக்கி, ஷீட்டை மேல்நோக்கி இழுக்காமல் தன்மேலேயே மடிந்து வருமாறு தாழ்வாக, மெதுவாக இழுங்கள். பசையில் பெரும்பகுதி ஷீட்டோடு வந்துவிடும். சன்மைக்காவில் தங்கிய பசையின்மேல் தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டு, பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் சுரண்டினால் உருண்டு வரும். கடைசியில் சோப்பு போட்டு அந்த எண்ணெயையும் கழுவிவிடுங்கள்.